நிறம் கொஞ்சம் மட்டு

சென்ற தை மாதத்தில் என் ஒன்றுவிட்ட தமையனார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவருடைய புதல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அன்று காலையில்தான் திரும்பிப் போயிருந்தார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணின் படிப்பில் அவர்களுக்குப் பரம திருப்தி. பாட்டைக் கேட்டுத் தலையை ஆட்டினார்களாம். கேசரியிலும் மிச்சம் வைக்கவில்லை. மாலையில் தரகர் டெலிபோனில் கூப்பிட்டார். "எல்லாம் பேஷாக இருக்கிறது. நிறம்தான் கொஞ்சம் மட்டு என்று அபிப்பிராயப்படுகிறார்கள்" என்றார். அப்போது பெண் சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக் கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது. நாங்கள் எல்லோரும் உடனே வேறு ஏதோ விஷயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

அதன் பிறகு நடந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு சிநேகிதியின் மூலம் அவள் ஒரு முகப்பூச்சை வரவழைத்துக் கொண்டாள். சிறிய டப்பி, செய்தவர் பெயரும் இல்லை, சேர்த்த சரக்கின் பெயரும் இல்லை. இரண்டு மாதத்தில் முகம் வெளுத்தது. அவளுடைய தாயார் பூரித்துப் போனாள். நான்காவது மாதத்தில் கண் இமைகள் வீங்கின. பிறகு கால்கள் வீங்கின. சிறுநீரைப் பரிசோதித்த வைத்தியர், அதில் புரதம் ஏராளமாக வெளியேறுவதைக் கண்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று முதலில் கேட்டார், அடுத்தபடியாக, "முகத்தில் என்ன பூசுகிறாய், அம்மா?" என்று கேட்டார்.

நல்ல வேளையாக அவள் இப்பொழுது தேறி வருகிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, "சித்தப்பா! வாராவாரம் என்னென்னவோ எழுதுகிறீர்களே, இந்த நிறம் என்பது என்னவென்று ஒரு தடவை எழுதக் கூடாதா?" என்று கேட்டாள். அவளுடைய சம்மதத்தின் பேரில்தான் இதை எழுதுகிறேன்.

நமது சருமத்தின் மேலடுக்கின் அடியில் நிறத்தை உற்பத்தி செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. டைரோஸின் என்னும் சத்திலிருந்து, டைரோஸினேஸ் என்னும் பொருளின் உதவியால், இவை மெலனின் என்ற சாயத்தைச் செய்கின்றன. கறுப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. செய்த சாயத்தை நுண்ணிய பொட்டலங்களாகக் கட்டி அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு விநியோகிக்கின்றன. அந்தப் பொட்டலங்கள் உயிரணுவின் கருவுக்கு மேல் குடை போலக் கவிந்து நின்று, சூரியனின் புறஊதாக் கதிர் அதைத் தாக்காமல் காக்கின்றன.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாயம் செய்யும் இந்த உயிரணுக்கள் கறுத்தவருக்கு அதிகம், சிவந்தவருக்குக் குறைவு என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. சருமத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1000 முதல் 2000 வரை இவை இருக்கின்றன. இடத்துக்கு இடம் இந்தக் கணக்கு மாறுமே தவிர, இனத்துக்கு இனம் அதிகமாக மாறுவதில்லை. பொட்டலம் பெரிதா சிறிதா, தனித்தனியாகப் பரவியிருக்கிறதா கொத்தாகக் கிடக்கிறதா, சீக்கிரம் கரைகிறதா நின்று நிலைக்கிறதா, சாயத்தின் வகை என்ன என்பவைதாம் வித்தியாசம். ஆப்பிரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் தொழிற்சாலைகள் ஒன்றே. சரக்கின் அளவும் மூட்டையும்தான் வேறு.

ஏன் வேறாயிற்று? வெயில்தான் காரணம். கடும் வெயில் உடலிலுள்ள ஃபோலேட் என்ற சத்தை அழித்துவிடும். கர்ப்பத்திலிருக்கும் சிசுவின் வளர்ச்சிக்கு அது அத்தியாவசியமானது. வெயிலே படாவிட்டாலோ எலும்புக்கு வேண்டிய டி வைட்டமின் உண்டாகாது. ஆகவே, வெயில் மிகுந்த பூமியில் வாழ்ந்தவர்களுக்குக் கறுத்த சருமமும், வெயில் குன்றிய வடக்கே சென்றவர்களுக்கு வெளுத்த சருமமும் அனுகூலமாயின. நீனா ஜப்லோன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் உலகின் பல பாகங்களிலும் விழும் புறஊதாக் கதிரின் அளவையும் அங்கங்கே வாழ்ந்த பூர்வ குடிகளின் நிறத்தையும் ஒப்பிட்டு 2000-ம் வருஷத்தில் இதை விளக்கினார்கள். நம் மேனியில் எழுதியிருப்பது நம் முன்னோர் காய்ந்த வெயிலின் கணக்கு. குணத்தைப் பற்றியோ குலத்தைப் பற்றியோ அதில் ஒரு வரியும் கிடையாது.

2005-ம் வருஷத்தில் வரிக்குதிரை மீன் என்னும் சின்னஞ்சிறு மீனை ஆராய்ந்தவர்கள், சரும நிறத்தை மாற்றும் மரபணு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் நிறம் வெளிறுகிறது. அந்த மாறிய வடிவம் ஐரோப்பியரில் அநேகமாக எல்லோரிடமும் உண்டு. நம் தேசத்தாரிலும் ஏராளமானவர்களிடம் உண்டு. இரண்டு வடிவங்களும் நம்மிடையே கலந்து கிடக்கின்றன. இதைப் போன்ற மரபணுக்கள் இன்னும் பல. அதனால்தான் ஒரே தாய் வயிற்றில் அண்ணன் சிவப்பாகவும் தங்கை கறுப்பாகவும் பிறக்கிறார்கள். கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூவைக் கரைத்துக் கொடுப்பது பாலுக்கு நல்ல மணம் தரும். மரபணுவின் எழுத்தை அது மாற்றாது. குழந்தைகள் பிறக்கும்போது சற்று வெளிறியே பிறந்து, நாளாக நாளாகச் சொந்த நிறத்தை அடைகின்றன. முதல் வாரத்தில் குழந்தையைப் பார்க்கும் பாட்டிமார்கள் குங்குமப்பூவுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடுவதற்கு இதுவே காரணம்.

பாட்டிமார்கள் போகட்டும். மகா பண்டிதர்கள் இந்த விஷயத்தில் விழுந்த பள்ளங்களைச் சொல்லி முடியாது. 1739-ல் பிரான்ஸிலுள்ள போர்தோ நகரத்து விஞ்ஞான சபை, நீக்ரோக்களின் கறுப்புக்குக் காரணம் யாது என்று ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. அடிமை வியாபாரத்தில் கொழித்த துறைமுகம் அது. 16 கட்டுரைகள் வந்தன. பித்தநீர் என்றார் ஒருவர், சாபம் என்றார் மற்றொருவர். கடைசியில் ஒருவருக்கும் பரிசு இல்லை. 1758-ல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், மனித குலத்தை நிறத்தை வைத்து வகுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு குணத்தையும் ஒட்டவைத்தார். வெள்ளையருக்கு புத்திக் கூர்மையும், கறுப்பருக்குச் சோம்பலும் வழங்கப்பட்டன. வழங்கியவர் எந்த நிறம் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட வைத்தியர் பெஞ்சமின் ரஷ், அடிமை முறையை எதிர்த்த நல்ல மனிதர். அவரே, கறுப்பு நிறம் குஷ்டரோகத்தின் விளைவு, அதற்குச் சிகிச்சை தேட வேண்டும் என்று 1790-களில் எழுதினார். கருணை இருந்தும் பிரயோஜனமில்லை. கறுப்பு ஒரு குறை என்ற எண்ணம் அவருடைய கண்ணையும் மறைத்தது.

இதற்கு மாற்றாக நேர் எதிரான பிழையும் முளைத்தது. 1970-களிலிருந்து அமெரிக்காவில் சிலர், மெலனின் மிகுந்தவர்களுக்கே அறிவும் ஆன்ம சக்தியும் அதிகம் என்று பிரசாரம் செய்து வந்தார்கள். 1974-ல் மெலனினைக் கொண்டு மின்சார ஸ்விட்ச் ஒன்றைச் செய்து காட்டியிருந்தார்கள், அது மெய். மூளையிலும் ஒருவகை மெலனின் உண்டு, அதுவும் மெய். ஆனால் அந்த மூளைச் சாயம் வெள்ளையருக்கும் இருக்கிறது. தோல் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நெடுங்காலம் அவமானப்பட்டவர்கள் ஆறுதல் தேடியதை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. என்றாலும், தராசைத் தலைகீழாகப் பிடித்தால் அது நியாயத் தராசு ஆகிவிடுமா?

நமக்கும் இந்தத் தராசு புதிதல்ல. பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்த ஸாலிஸ்பரி பிரபு 1888-ல் எடின்பரோவில் பேசும்போது, தாதாபாய் நௌரோஜியைக் கறுப்பு மனிதர் என்று குறிப்பிட்டு, பிரிட்டிஷ் வாக்காளர்கள் அப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கத் துணியமாட்டார்கள் என்ற கருத்தில் பேசினார். தேசம் கொதித்தது, இங்கிலாந்திலேயே பலர் கண்டித்தார்கள். 1892-ல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதி வாக்காளர்கள், மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்திலேனும், நௌரோஜியைப் பார்லிமெண்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அன்று ஸாலிஸ்பரி பிரபு சொன்னதற்காகக் கோபித்துக் கொண்ட தேசத்தில், இன்று அதே வார்த்தையைத் தரகர் சொல்கிறார். நாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறோம்.

கேட்பவர்கள் இருக்கும்வரை விற்பவர்களுக்கும் குறைவில்லை. 1975-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்டு லவ்லி' களிம்பு, 2020-ல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கி, 'குளோ அண்டு லவ்லி' ஆயிற்று. பெயர் தெரிந்த கம்பெனிகளை நான் இங்கே குறை கூறவில்லை. பெயரே இல்லாத டப்பிகளைப் பற்றித்தான் எச்சரிக்கிறேன். அவற்றில் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. மெலனினைச் செய்ய உதவும் டைரோஸினேஸைப் பாதரசம் முடக்கிவிடும். ஆகவே முகம் வெளுப்பது வாஸ்தவமே. ஆனால் பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. கேரளத்து மலப்புரம் ஜில்லாவில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக வியாதியுடன் வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்குச் சாதாரணமாக அபூர்வமான ஒரு வகை கண்டது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தோன்றுமுன் நிறத்தை வெளுக்கும் களிம்பு பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. முகப்பூச்சில் பாதரசம் சேர்ப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. எனினும் பெயரில்லாத டப்பியைச் சட்டம் எங்கே போய்த் தேடும்?

ஆகையால், பெற்றோர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். வீட்டு அலமாரியில் செய்தவர் விலாசமும் சரக்கின் விவரமும் இல்லாத முகப்பூச்சு எது இருந்தாலும் இன்றே அப்புறப்படுத்துங்கள். பூசி வந்தவர்களுக்கு வீக்கம் ஏதேனும் கண்டால் டப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். அதை மறைப்பதுதான் ஆபத்து. இரண்டாவது, பிள்ளைக்குப் பெண் தேடும்போது, "நிறம் எப்படி?" என்ற கேள்வியைக் கேட்காமலிருந்து பாருங்கள். தரகர்கள் கெட்டிக்காரர்கள், கேளாத கேள்விக்குப் பதில் சுமந்துகொண்டு வரமாட்டார்கள்.

போன வாரம் அந்தப் பெண்ணை மறுபடியும் பார்த்தேன். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. முகமும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. என் தமையனார் அவளை வெகு நேரம் பார்த்துவிட்டு, "அப்படியே எங்கள் அம்மாவின் ஜாடை" என்றார். இதைத் தை மாதத்தில் தரகரிடம் சொல்லியிருக்கலாம்.