உளநூல் ஆய்வும் ஊர்ப்புற மாணவரும்

கரும்பு வெட்டுக்கு முன் ஒருமுறை, வெட்டிப் பணம் கைக்கு வந்தபின் ஒருமுறை என ஒரே உழவரின் அறிவுத்திறனை இருமுறை அளந்தது ஓர் ஆய்வு. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தின் 54 ஊர்களைச் சேர்ந்த 464 உழவர்கள் அதில் பங்கேற்றனர். ‘5 5 5’ என்பது போன்ற வரிசையைக் காட்டி, எத்தனை எண்கள் உள்ளன என்று கேட்பார்கள். நாவில் ஐந்து என்றே முந்தி வரும், விடையோ மூன்று. முந்துவதை அடக்கி, எண்ணிச் சொல்ல வேண்டும். கடன் நெருக்கிய நாள்களில் இதில் தடுமாறிய அதே மனிதர், அறுவடை முடிந்தபின் விரைந்தும் பிழை குறைந்தும் விடை கூறினார். ஏழை அறிவில் குறைந்தவர் அல்லர். அவர் அறிவின் ஒரு பகுதியை இல்லாமையின் கவலை பிடித்துக்கொள்கிறது என்பதே 2013-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட அக்கட்டுரையின் முடிவு.

கரும்புக்கு ஆலை உண்டு. வெட்டியபின் பணம் மொத்தமாக வரும். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, வீரசோழன் என விரியும் நிலமோ வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மிளகாய், மல்லி, சோளம். அவையும் பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி. இங்கே அறுவடையே உறுதியில்லை. வீரசோழன் சந்தைக்கு ஆட்டைப் பிடித்து வரும் ஒரு தாய், இன்று விற்றால் வட்டி அடையும், இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கும் ஆகும் என்று நின்றுகொண்டே கணக்கிடுகிறாள். அந்தக் கணக்கு அவள் மனத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது? இதைக் கேட்க வேண்டியவர் அயல்நாட்டுப் பேராசிரியர் மட்டும்தானா? அவள் மகளே கேட்கலாம் என்கிறோம்.

இளங்கலை மாணவருக்கு ஆய்வு எதற்கு, முதுகலை முடிக்கட்டும், முனைவர் பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் கல்லூரிகளில் ஊறிப்போன எண்ணம். உளவியலின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1879-இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்தபோது, அங்கே மாணவர்களே ஒருநாள் ஆய்வு செய்பவர், மறுநாள் ஆய்வுக்கு உட்படுபவர். அந்த ஆண்டு டிசம்பர் 30-இல்தான் நம் திருச்சுழியில் ரமணர் பிறந்தார். பதினாறு வயதில், மதுரையில், சாவச்சம் பற்றிக்கொண்ட கணத்தில் தன் மனத்தையே கூர்ந்து நோக்கத் தொடங்கினார். அவர் சென்ற வழி வேறு. ஆயினும் மனத்தை உற்று நோக்குதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1943-இலும் உளவியல் துறை கண்டன. இத்தனை ஆண்டு கழிந்தும் ஊர்ப்புற மாணவருக்கு அத்துறை மனப்பாடத்துக்குரிய பாடமாகவே நிற்கிறது.

அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. இறுதிப் பருவத்தின் ‘ப்ராஜெக்ட்’ பல இடங்களில் தட்டச்சுக் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. நூறு பேரிடம் கேட்டதாகக் காட்டும் வினாத்தாள்களை விடுதி அறையில் இரண்டு பேனாக்களால் ஓர் இரவில் நிரப்புவோரும் உண்டு. இதை விளையாட்டென விட முடியாது. கேட்கப்படாத ஒருவரின் துயரத்துக்கு எண் கொடுப்பது பொய்ச்சான்று. பிழை மாணவருடையது மட்டுமன்று. வழிகாட்ட நேரமே ஒதுக்காமல் அறிக்கையை மட்டும் கேட்கும் கல்லூரிக்கும் அதில் பங்குண்டு.

உலகின் முதன்மை உளவியல் இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டோரில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். அந்நாடுகளிலோ உலக மக்களில் 12 விழுக்காட்டினரே வாழ்ந்தனர். ஜோசப் ஹென்ரிக்கும் தோழரும் 2010-இல் இதை எடுத்துக்காட்டியபோது துறையே திடுக்கிட்டது. மனிதமனம் என்று நூல்கள் பேசுவது பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவரின் மனம். வீரசோழன் அந்தக் கணக்கில் இல்லை.

அதைச் சேர்ப்பது எளிதும் அன்று. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ‘பி.எச்.கியூ-9’ வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வினாக்கள், மொத்தம் 27 புள்ளி, எல்லாம் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. கரிசல்காட்டு மூதாட்டி இரண்டு வாரம் என்று காலத்தை எண்ணுவதில்லை. ஐப்பசி மழைக்கு முன், தை அறுப்புக்குப் பின் என்பதே அவர் கணக்கு. ‘மனசு சரியில்லையா’ என்றால் இல்லை என்பார். ‘நெஞ்சு கனமா இருக்கா’ என்றால் அரைமணி நேரம் பேசுவார். நகரத்திலிருந்து காரில் வரும் ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு புலப்பட ஓராண்டு ஆகலாம். பேத்திக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். வினாத்தாளைத் தமிழாக்கி, மூலத்தை அறியாத ஒருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தும் பணி ஒன்றே இளங்கலை மாணவருக்குப் போதிய ஆய்வு.

புதுமை கண்டாக வேண்டும் என்ற அச்சமும் வேண்டா. 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றிலேயே பழைய முடிவு மீண்டும் கிட்டியது. எனவே திரும்பச் சோதித்தலே இன்று அறிவுலகின் பெருந்தேவை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் கிலாட் ஃபெல்ட்மன் இளங்கலை மாணவரைக் கொண்டே புகழ்பெற்ற சோதனைகளை மீளச் செய்வித்து, அவர்கள் பெயருடன் இதழ்களில் வெளியிட்டு வருகிறார்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சிற்றூரில் பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். தெருவையும் தொழிலையும் எழுதினாலே போதும். ஒப்புதல் பெறாமல் ஒரு சொல்லும் குறிக்கலாகாது; வேண்டா என்பவரை வற்புறுத்தலாகாது. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் வாயில் வந்தால் அக்கணமே வினாத்தாளை மூடிவிட்டு, அவரைத் தனியே விடாமல், ஆசிரியருக்குச் சொல்லி, 104 அல்லது 14416 உதவி எண்ணையோ அரசு மருத்துவமனையையோ நாடவேண்டும். இவற்றை மேற்பார்க்கும் நெறிக்குழு இல்லாமல் எந்த மாணவரையும் ஊருக்குள் அனுப்பலாகாது.

அருப்புக்கோட்டைக் கல்லூரிகளை நாம் வேண்டுவது இதுதான். நெறிக்குழு ஒன்றை அமையுங்கள். வழிகாட்டும் ஆசிரியருக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கரும்பு உழவரை அளந்த 2013-இன் ஆய்வு மீது மறுப்புரைகளும் எழுந்துள்ளன. மானாவாரி நிலத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பது இங்கே இயலும். மாணவர்களே, ஆசிரியரிடம் நீங்களே சென்று கேளுங்கள். வரும் ஐப்பசிக்கு முன் ஒருமுறை, மாசியில் மிளகாய் களத்துக்கு வந்தபின் ஒருமுறை, அதே வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து, சொன்னதைச் சொன்னபடி எழுதி வாருங்கள்.