உவகை வற்றிய உள்ளம்

எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் யாப்பில் வல்லவன். வெண்பா ஒன்று கைகூடினால் வகுப்பே அறிய முகம் மலர்வான். ஒரு தவணையில் அம்மலர்ச்சி அகன்றது. அவன் அழுதானல்லன், குறை கூறினானுமல்லன். “ஒன்றும் சுவைக்கவில்லை, ஐயா” என்றான். யாம் அதனைச் சோம்பல் என்று கடிந்தோம். அக்கடுஞ்சொல் இன்றும் எம்மை உறுத்துகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டென வகுத்தபோது அழுகையை வேறாகவும் உவகையை வேறாகவும் வைத்தார். ஆகவே உவகை இல்லாவிடமெல்லாம் அழுகை உண்டு எனக் கொள்ளல் பொருந்தாது. பிரான்சிய உளநூலறிஞர் றிபோ என்பார், இன்பம் நுகரும் ஆற்றல் அற்ற நிலைக்கு 1896 ஆம் ஆண்டிலேயே தனிப்பெயர் இட்டார். உளச்சோர்வு நோய்க்கு இன்றைய மருத்துவர் கொள்ளும் தலையாய குறிகள் இரண்டு. துயருற்ற மனநிலை ஒன்று. நாட்டமும் இன்பமும் குன்றுதல் மற்றையது.

நிற்க. 1954 ஆம் ஆண்டில் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்து அறிஞர் ஓல்ட்சும் மில்னரும் எலிமூளையின் சில இடங்களில் மென்மின்னோட்டம் பாய்ச்சினர். அதனைப் பெறுதற்பொருட்டு அவ்வெலிகள் தாமே நெம்புகோலை மீண்டும் மீண்டும் அழுத்தின. 1990 ஆம் ஆண்டில் ஒகாவா குழுவினர், குருதியில் ஒட்சிசன் அளவு மாறுவதைக் காந்தக் கருவியாற் காணும் வழியை வெளியிட்டனர். மண்டையைத் திறவாமலே மனித மூளையின் தொழிற்பாட்டைப் படமாக்க இது வழிவகுத்தது. பரிசு வரும் என்னும் குறிப்புக் கண்டவிடத்து மூளையின் ஆழத்திலுள்ள ஒரு பகுதி கிளர்ச்சியுறும். உளச்சோர்வுற்றோரிடம் அக்கிளர்ச்சி சராசரியிற் குறைந்திருத்தலைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. வேட்கை வேறு, நுகர்ச்சி வேறு என மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பெரிட்ஜ் பிரித்துக் காட்டியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சுவைக்க இயன்றும் நாட வலுவின்றி இருப்பாரும் உளர்.

இப்படங்கள் ஒருவனைத் தனியே நிறுத்தி, ‘இவன் நோயாளி’ எனத் தீர்ப்பளிக்க வல்லனவல்ல. பலரைத் தொகுத்து நோக்கியபோது புலப்பட்ட வேற்றுமையே அவை காட்டுவது. அங்ஙனமாயின் அவற்றால் ஆசிரியர்க்கு என்ன பயன் என்று கேட்கலாம். இன்பம் அறிதலும் உடலுறுப்பொன்றின் தொழிலே. அது நலியவும் கூடும் என்னும் தெளிவே பயன். காய்ச்சலுற்றவனை ‘ஏன் ஓடவில்லை’ என்று கடிவார் உண்டோ?

ஆயினும் படம் எடுப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதற்குக் கருவி வேண்டுவதில்லை. முகவாட்டம் இன்றியே ஒதுங்கும் மாணாக்கனை அருகழைத்து, ‘முன்பு உனக்கு உவப்பளித்தது யாது? அது இப்போதும் உவப்பளிக்கின்றதா?’ என வினவுதல் வேண்டும். இல்லை என்பானாயின் மருத்துவரிடம் ஆற்றுப்படுத்தல் வேண்டும். யாம் அன்று அவனைக் கேட்டிலேம். ஏனைய ஆசிரியரேனும் கேட்பாராக.