இருபது பவுண்டு திருட்டுக்கு ஜூரி எதற்கு?

கோர்ட் விஷயத்தில் பேங்க்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்களிடம் கிளை மேனேஜர் எவ்வளவு கடன் சாங்ஷன் செய்யலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஃபைல் மேலிடத்துக்குப் போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிரிமினல் வழக்குகளைப் பிரிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

சில்லறைப் போக்குவரத்துக் குற்றமெல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு சரி. அங்கே பெரும்பாலும் சம்பளம் வாங்காத பொதுமக்கள்தான் மாஜிஸ்திரேட்டுகள். சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை! கொலை, கொள்ளை என்றால் கிரவுன் கோர்ட், 12 பேர் ஜூரி.

நடுவே ஒரு ரகம், திருட்டு மாதிரி. எங்கே வேண்டுமானாலும் விசாரிக்கலாம். மாஜிஸ்திரேட்டுகள் 'நாங்களே பார்க்கிறோம்' என்றாலும், குற்றத்தை மறுப்பவர் 'எனக்கு ஜூரி வேண்டும்' என்று கேட்கலாம் என்பதுதான் அங்கே இருந்து வந்த வழக்கம்.

சின்னத் திருட்டுக்கு இது எதற்கு என்று 1975-லேயே ஜேம்ஸ் கமிட்டி கேட்டது. 20 பவுண்டுக்குக் கீழே என்றால் மாஜிஸ்திரேட்டே போதும் என்றது. 1977-ல் சட்டம் போட்டபோது பார்லிமென்ட் அதை ஏற்கவில்லை. 2014-ல் 200 பவுண்டு வரையிலான கடைத்திருட்டைச் சிறு வழக்காக்கியபோதும் ஜூரி கேட்கும் உரிமையில் கை வைக்கவில்லை. ஆனால் பிறர் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கில் 5,000 பவுண்டு வரை அந்த உரிமை கிடையாது. ஏன் இந்த வித்தியாசம்? கண்ணாடியை உடைத்தவன் காசு கட்டிவிட்டுப் போகலாம். திருடன் என்ற பெயர் போகுமா?

நம் ஊர் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949-ஐயே பாருங்கள். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரை வங்கி வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. எத்தனை ரூபாய் என்று அதில் இல்லை. இருபது பவுண்டானாலும் வேலை போனது போனதுதான்.

2000-ல் இந்த உரிமையைப் பறிக்க வந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை இரண்டு முறை தோற்கடித்தது. 2025-ல் கிரவுன் கோர்ட்டில் 75,000-க்கும் மேல் வழக்குகள் தேங்கின. ஜூலையில் லெவ்சன் அறிக்கை ஜூரி விசாரணையைக் குறைக்கச் சொன்னது. டிசம்பரில் அரசு இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று வருடம் வரை தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்கு ஜூரி வேண்டாம், தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டாம் என்று அறிவித்தது.

பாதிக்கப்பட்டவர்கள் வருடக்கணக்கில் காத்திருப்பது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் கிரவுன் கோர்ட்டுகள் வருடத்தில் இத்தனை நாள்தான் உட்காரலாம் என்று உச்சவரம்பு வைத்ததும் அரசுதானே? கவுண்டரைப் பூட்டி வைத்துக்கொண்டு, கூட்டம் தாங்கவில்லை, சின்ன டெபாசிட்காரர்கள் எல்லாம் வெளியே நில்லுங்கள் என்று எங்கள் கிளையில் சொன்னால் சும்மா விடுவீர்களா?