நிலவில் எல்வரை

மணலி புதுநகரில் விண்மீன்களைக் காண்பது அரிது. கல்நெய் பிரித்தெடுக்கும் ஆலையின் எரிசுடர் ஒருபுறம், உரத் தொழிலகங்களின் விளக்கொளி மற்றொருபுறம் என்று வானத்தின் அடிவிளிம்பு இரவெல்லாம் செம்மஞ்சளாய்க் கிடக்கும். ஆயினும் நிலவை முற்றாக மறைத்தல் எந்தப் புகைக்கும் ஒல்லாது. காருவா கழிந்த ஏழாம் நாள் அல்லது எட்டாம் நாள் மாலையில், அரைமதி உச்சிக்கருகே நிற்கும்போது, எளிய இருகண் நோக்கி ஒன்றைக் கையிற்கொண்டு அதனைப் பார்ப்பவர், பகலும் இரவும் ஒன்றையொன்று முட்டி நிற்கும் கோட்டினைக் காண்பர். அக்கோடு நேரானதன்று, கறையான் அரித்த பலகையின் விளிம்புபோலப் பிசிறுபட்டது. அதன் ஓரத்தில் குழிகளின் சுவர்கள் வெள்ளிவளையங்களாய் எழும். அவற்றின் நிழல்கள் கரிய நாவுகளாய் நீளும். வெள்ளுவா நாளிலோ இவற்றுள் ஒன்றும் தெரியாது. கதிரவன் ஒளி காண்பவர் பின்னிருந்து நேரே விழுதலால் நிழல் ஒளிந்துகொள்ளும். மலையும் மடுவும் தட்டையாகிவிடும். முழுநிலவே அழகு என்பது பாவலர் வழக்கு. நிலவின் மேடுபள்ளத்தை அறிய விரும்புவோர்க்கு அரைநிலவே ஆசான்.

கலிலியோ 1609-இல் தம் தொலைநோக்கியை நிலவின்பால் திருப்பியபோது அவர் கண்ணைப் பிணித்ததும் இக்கோடுதான். கோட்டிற்கு அப்பால், இருண்ட பகுதிக்குள், தனித்தனி ஒளிப்புள்ளிகள் சில மின்னின. பொழுது செல்லச் செல்ல அவை பெருகிப் பகற்பகுதியோடு ஒன்றின. அடிவாரம் இருளில் கிடக்க முகட்டில் மட்டும் முதற்கதிர் படும் மலைகளே அவை என்று அவர் உணர்ந்தார். கோட்டிலிருந்து அப்புள்ளிகள் உள்ள தொலைவைக் கொண்டு அம்மலைகளின் உயரத்தையும் கணக்கிட்டு, 1610-இல் நூலாக்கி வெளியிட்டார். வானத்துப் பொருள்கள் யாவும் மாசுமறுவற்ற உருண்டைகள் என்று பன்னூறாண்டு நிலவிய கொள்கை, ஒரு நிழற்கோட்டில் இடறி விழுந்தது.

நிலவில் ஒரு பகல் ஏறத்தாழ பதினான்கே முக்கால் நாள், இரவும் அத்துணையே. இரண்டும் சேர்ந்து இருபத்தொன்பதரை நாள். தமிழர் நிலவையும் மாதத்தையும் ஒரே சொல்லால் திங்கள் என்றனர். நிலவின் ஒரு நாள் என்பது சரியாக ஒரு திங்களே. இத்துணை மெல்லச் சுழல்வதால் அப்பகலிரவுக் கோடும் மெல்ல நகர்கின்றது. மணலி புதுநகரின் மேலாக விடியற்கோடு மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பாய்ந்து செல்கின்றது. நிலவின் நடுவரையிலோ அதன் விரைவு மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. மிதிவண்டி மிதிப்பவன் ஒருவன் அங்கே கதிரவனை மறையவிடாமலே துரத்திச் செல்லலாம்!

இன்னுமொரு வேறுபாடு உண்டு. இவ்வுலகில் ஞாயிறு மறைந்த பின்னும் வளிமண்டலம் ஒளியைச் சிதறவிடுவதால் அந்தி உண்டாகின்றது. நிலவில் வளி இல்லை. ஆதலின் செவ்வானமும் இல்லை, மங்கற்பொழுதும் இல்லை. ஞாயிற்றின் கடைசிக் கீற்று மறைந்தால் மறைந்ததுதான். நண்பகலில் நீர் கொதிக்கும் வெம்மையையும் தாண்டும் நடுவரை நிலம், இரவில் சுழியத்திற்குக் கீழே நூறு பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும்.

இக்கோட்டின் ஆட்சியை 2023-ஆம் ஆண்டு இந்தியர் அனைவரும் தம்மையறியாமலே கண்டனர். அவ்வாண்டு ஆகசுட்டு 23-ஆம் நாள் மாலை 6.04 மணிக்கு, நிலவின் தெற்கே 69 பாகையளவில், சந்திரயான்-3 இன் இறங்குகலம் தரை தொட்டது. அந்த நாளை வகுத்துக் கொடுத்தது விடியற்கோடே. அவ்விடத்தில் அப்போதுதான் பொழுது புலர்ந்திருந்தது. கதிரொளியால் இயங்கும் கலமாதலின் ஒரு நிலவுப்பகலை முழுமையாகப் பெற வேண்டுமானால் விடிந்தவுடன் இறங்குதலே தக்கது. அங்கு அக்கோடு நகரும் விரைவு மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. விரைந்து நடப்பவன் நடை. அந்நடையாகவே மாலையும் வந்தது. ஊர்திக்கலம் நூறு மீட்டர் ஊர்ந்து முடித்துச் செப்டம்பர் 2-இலும், இறங்குகலம் 4-இலும் உறங்க வைக்கப்பட்டன. இடைப்பட்ட நாள்களில் மண்ணுக்குள் செலுத்திய வெப்பமானி, மேற்பரப்பில் 50 பாகைக்கு மேலும், எட்டுச் செண்டிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 10 பாகையும் காட்டியது. செப்டம்பர் 22 அளவில் மீண்டும் விடிந்தபோது அழைத்துப் பார்த்தனர், கலங்கள் வாய்திறக்கவில்லை. அவை ஒரு பகலுக்கென்றே படைக்கப்பட்டவை; அப்பகலின் வேலையைக் குறைவின்றி முடித்தன.

இத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துத் தமிழர். 2008-இல் ஏவிய முதற்கலத்தின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியினர். தமிழ் வழியில் பள்ளிக்கல்வி பயின்றவர். நிலவின் மண்ணை ஒத்த மண்ணை ஆய்விற்காகத் தேடியபோது அது கிடைத்த இடம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும். மூளை தமிழ்மூளை, மண் தமிழ்மண். பெயர்களோ சந்திரயான், விக்கிரம், பிரக்கியான்! இறங்குகலத்தின் பெயர் சாராபாயின் நினைவாக வைத்தது என்பதால் அதனை விட்டுவிடலாம். மற்றவை வடமொழியாக இருந்தே தீர வேண்டிய கட்டாயம் யாது? இறங்கிய இடத்திற்கும் தலைமையமைச்சர் 2023 ஆகசுட்டு 26-இல் சிவசக்தி என்று பெயர் சூட்ட, 2024 மார்ச்சில் பன்னாட்டு வானியல் ஒன்றியமும் அதனை ஏற்றது. எண்ணற்ற மொழிகள் பேசும் மக்களின் வரிப்பணத்தில் சென்ற கலத்தின் காலடிக்கு ஒரு மொழியின் மரபிலிருந்தே பெயர் எடுத்தது நடுநிலை ஆகாது.

எனினும் பெயர் வைத்தவரைப் பழித்துவிட்டுக் கைகட்டியிருப்பது எளிது. நிலவின் பகலிரவுக் கோட்டிற்குத் தமிழர் நாவில் வழங்கும் பெயர் எது? வினவினால் விழிக்க வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் அதனை டெர்மினேட்டர் என்பர். 1984-இல் வந்த அமெரிக்கத் திரைப்படத்தின் கொலைப்பொறிக்கும் அதுவே பெயராதலால் இளைஞர்க்கு அப்படமே நினைவுக்கு வருகின்றது. அதன் வேர் இலத்தீனத்தின் எல்லைச் சொல். உரோமர் எல்லைக்கல்லையே தெய்வமாக வைத்து அப்பெயரால் வழிபட்டனர். எல்லையம்மனை வழிபடும் தமிழர்க்கு இது விளங்காத செய்தியன்று.

இனித் தமிழின் கருவூலத்தைத் திறந்து பார்க்க. எல் என்பது ஒளி. எல் என்பது ஞாயிறு. எல் என்பது பகல். அதனின்று பிறந்த எல்லை, கழகக் காலத்துச் செய்யுள்களில் பகற்பொழுதையும் குறிக்கும், வரம்பையும் குறிக்கும். எல்லி என்றாலோ இரவு. ஒளியையும் இருளையும் அவற்றின் வரம்பையும் ஒரே வேரில் தாங்கிய மொழி இது! தொல்காப்பியம் நெய்தல் நிலத்திற்கு உரித்தாக்கிய சிறுபொழுதும் எற்பாடுதான். எல் சாயும் பொழுது. எண்ணூரும் திருவொற்றியூரும் காசிமேடும் நெய்தல் நிலமன்றி வேறென்ன?

எனவே எல்வரை எனலாம். வரை என்பது கோடு. வரை என்பது வரம்பு. வரை என்பது மலையுமாம். நிலவின் மலைகள் தம்மை வெளிப்படுத்துவது அக்கோட்டில்தான் என்பதை எண்ணினால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். அந்திவரை என்று சொல்வாரும் இருக்கலாம். அது ஞாலத்திற்குப் பொருந்தும். அந்தியே இல்லாத நிலவிற்குப் பொருந்தாது. முடிப்பான் என்று ஆங்கிலத்தின் நிழலில் நின்று ஆக்கும் சொற்கள் தள்ளத்தக்கவை. வளர்பிறையில் தெரிவது விடியற்கோடாதலால் அதனைக் காலை எல்வரை என்றும், தேய்பிறையில் தெரிவதை மாலை எல்வரை என்றும் பிரித்தால் பாடம் நடத்துவோர்க்கு வேலை பாதியாகும்.

சொல்லாக்கம் தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களையும் ஆக்கினார். 1916-இல் சேலத்தில் இராசாசி முதலானோர் அறிவியற் சொற்களுக்கென ஒரு கழகம் கண்டனர்; மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் தோன்றியதும் அதே ஆண்டில். சொற்கள் இல்லாமற் போகவில்லை, பட்டியல்களில் உறங்குகின்றன. மேடையில் வடசொல்லைக் கடிந்து பேசிவிட்டு வீட்டுப் பிள்ளையை ஆங்கில வழியில் சேர்க்கும் தமிழன்பர்களும் இவ்வுறக்கத்திற்குக் கரணியமானவர்களே. 2012-க்குப் பின் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகிவிட்டன. இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் மணலித் தொழிலாளியின் மகளுக்கு நிலவின் இரவு ஏன் நீண்டது என்பதை அவள் தாய்மொழியில் விளக்க ஆள் வேண்டும். விளக்கச் சொல்லும் வேண்டும்.

தமிழ் மன்றங்கள் உள்ள பள்ளிகளில் இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் தேவையில்லை. வரும் வளர்பிறையின் ஏழாம் நாள் மாலை ஏழு மணிக்கு மாணாக்கரைத் திறந்த வெளிக்கு அழைத்து வந்து நிலவைத் தாளில் வரையச் செய்க. கோட்டின்மேல் எல்வரை என்று எழுதச் செய்க. மறுநாள் அதே மணிக்கு மீண்டும் வரையச் செய்தால், ஒளி கிழக்கு நோக்கிப் பரவியிருப்பதைக் குழந்தைகளே காண்பர். அந்த ஒரு நாளில் எல்வரை நிலவின் நடுவரையில் நடந்த தொலைவு ஏறத்தாழ 370 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சியைத் தாண்டியும் செல்லும்.