தனவந்தருக்கு வரிச் சலுகை

2022-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி பிரிட்டிஷ் நிதி மந்திரி க்வாஸி க்வார்ட்டெங், ஒன்றரை லக்ஷம் பவுனுக்கு மேற்பட்ட வருமானத்தின் மீதிருந்த 45 சதவிகித வரியை 40 ஆகக் குறைக்கப் போவதாகப் பார்லிமெண்டில் அறிவித்தார். தனவந்தரின் பாரம் குறைந்தால் தொழில் வளரும், பயன் யாவருக்கும் கிட்டும் என்பது சர்க்கார் தரப்பு வாதம்.

ஜனங்கள் அதை ஏற்கவில்லை. விலைவாசி ஒரே வருஷத்தில் சுமார் 10 சதவிகிதம் ஏறி, குளிர்காலத்து எரிவாயுச் செலவை நினைத்து ஏழைகள் கலங்கிய சமயத்தில், கடன் வாங்கிச் சீமான்களுக்குச் சலுகை தருவது நியாயமா என்று கேட்டார்கள். பவுன் நாணயத்தின் மதிப்பு சரிந்தது. ஆளும் கட்சியினரே ஆட்சேபித்தனர். அக்டோபர் 3-ந் தேதி யோசனை வாபஸாயிற்று. 14-ந் தேதி நிதி மந்திரி பதவி இழந்தார். 20-ந் தேதி பிரதம மந்திரி லிஸ் டிரஸ் தமது ராஜிநாமாவை அறிவித்தார்.

இவ்வெதிர்ப்பைப் பொறாமையென்று இகழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சக்திக்குத் தக்க சுமை என்பதே வரியின் தர்மம். அதை மாற்ற விரும்பும் மந்திரிகள் முதலில் ஜனங்களின் சம்மதத்தைப் பெறட்டும். நாணயச் சந்தை கலங்கிய பிறகு விழித்துக்கொள்வது ராஜதந்திரமாகாது.