சைக்கிளைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும்



சைக்கிள் ஸ்டாண்டு என்று சொன்னால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டோக்கன் வாங்கி சைக்கிளை விட்டுட்டுப் போற இடம் ஞாபகம் வரும். இல்லேன்னா சைக்கிளுக்குக் கீழே காலால் தள்ளி நிறுத்துற இரும்புக் கால் ஞாபகம் வரும். நான் எழுத வந்தது இந்த ரெண்டும் இல்லை, மூணாவது ஒரு ஸ்டாண்டு. ரிப்பேர் பார்க்கும்போது சைக்கிளைத் தரையில் இருந்து தூக்கி, நம் இடுப்பு உயரத்தில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்டு. ஆளுக்கு ஏத்த மாதிரி ஏத்தலாம், இறக்கலாம். அப்படி ஒன்று நம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதில் பொம்பளப் பிள்ளைகளும் ஸ்பேனர் பிடித்துப் பழக வேண்டும். இதுதான் என் கருத்து. சிரிக்கிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுச் சிரிக்கவும். (இதற்காக ரெண்டு சார்ட் தாள் கேட்டு வாங்கியிருக்கிறேன்.)

நம்ம ஊர்ப் பக்கம் சைக்கிளுக்கு ரெண்டு எதிரி. ஒன்று முள், இன்னொன்று மண்.

முள் என்றால் சீமைக்கருவேல முள். மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கம் இருந்து வந்த மரம் இது என்று அறிவியல் டீச்சர் சொன்னாங்க. எங்கேயோ இருந்து வந்து நம்ம கண்மாய், ஓடை, தரிசு எல்லாத்தையும் பிடித்துக்கொண்டது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்களும் நம்மிடையே உண்டு, அதனால் ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. ஆனால் விறகு ஏத்திப் போற டிராக்டர் வழியெல்லாம் முள்ளை உதிர்த்துக்கொண்டே போகும். மறுநாள் காலையில் அதே பாதையில் நாம் சைக்கிளில் வருவோம். டயர் தேய்ந்திருந்தால் முள் நேராக டியூபுக்கே போய்விடும்.

மண் என்றால் நம்ம கரிசல். வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பெய்தால் போதும், களி மாதிரி ஆகி சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து சக்கரம் சுத்தவே சுத்தாது. குச்சியை எடுத்து நோண்டி நோண்டி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருத்தி சைக்கிளைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தி நோண்ட, ரெண்டு பேர் யூனிபார்மும் போச்சு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆம்பளப் பையன் சைக்கிள் பஞ்சர் ஆனால் என்ன நடக்கும்? அவன் தள்ளிக்கொண்டே கடைக்குப் போவான், இல்லை ஒரு அண்ணன் பைக்கில் ஏறிக்கொள்வான். அவன் வீட்டில் அதைப் பற்றிக் கேட்கக்கூட மாட்டார்கள். பொம்பளப் பிள்ளை சைக்கிள் பஞ்சர் ஆனால்? சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டுகிற நேரம், ரோட்டில் ரெண்டு பக்கமும் முள்ளுக்காடு. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக நடந்து வீடு வந்து சேர்வதற்குள் அவங்க அம்மா தெருமுனையில் வந்து நிற்பாங்க. மறுநாள் முதல் பேச்சு, "இனிமே சைக்கிளு வேண்டாம்." ரெண்டாவது பேச்சு, "பஸ்ஸு நேரத்துக்கு வரலேன்னா ஸ்பெஷல் கிளாஸும் வேண்டாம்." மூணாவது பேச்சு என்னவென்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவில் ஒரு அக்கா இப்படித்தான் பத்தாவதோடு நின்றார். கேட்டால் எல்லோரும் வேறு வேறு காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில் முதல் காரணம் சங்கிலி அறுந்துபோய் மூணு வாரம் திண்ணையில் சாய்ந்து கிடந்த ஒரு சைக்கிள். "இந்த வாரம் பாப்போம், அடுத்த வாரம் பாப்போம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அக்காவே மாட்டியிருக்கலாம். யாரும் சொல்லித் தரவில்லை.

சைக்கிளால் பொம்பளப் பிள்ளைகள் படிப்பு கூடும் என்பது நான் சும்மா சொல்வது இல்லை. பீகார் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு சேர்கிற மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்து பார்த்தார்கள். மாணவிகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியது என்று கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் தெரிந்ததாம். நம் வகுப்பில் எத்தனை பேர் மூணு கிலோமீட்டர் தாண்டி வருகிறோம் என்று கையைத் தூக்கிப் பாருங்கள்.

நம் தமிழ்நாட்டில் பீகாருக்கு முன்னாடியே சைக்கிள் வந்துவிட்டது. 2001-2002-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பித்து, பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிவாக்கினார்கள். இது பெருமைதான். ஆனால் இங்கே பதினோராம் வகுப்பில்தான் சைக்கிள் கிடைக்கும். ஒன்பதில் இருக்கிற நாம் இன்னும் ரெண்டு வருஷம் அண்ணன் ஓட்டித் தேய்த்த சைக்கிளையோ, சித்தப்பா பால் கேன் கட்டி ஓட்டிய சைக்கிளையோதான் ஓட்டியாக வேண்டும். பழசு என்றால் ரிப்பேர் கூட வரும். அதனால்தான் ரிப்பேர் பற்றி எழுதுகிறேன்.

புதுக்கோட்டைக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவு இயக்கம்தான். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுத் தர வேண்டும் என்று சொன்னார். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் எல்லோரும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்களாம். அந்த முன்பக்க பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினார்களாம். இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், "எங்களுக்கு ஏத்த சைக்கிள் வரட்டும், அப்புறம் ஓட்டுறோம்" என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அவர்கள் ஓட்டக் கற்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் பெடல் மிதிப்பதோடு நிற்கிறோம். வால்டியூப் மாத்துவதற்கே, "அண்ணாச்சி, கொஞ்சம் பாருங்க" என்று கடைக்குப் போகிறோம். ஒரு கடையில், பேர் வேண்டாம், ஒரு பஞ்சர் ஒட்டப் போனேன். மூணு பஞ்சர் என்று சொல்லி மூணுக்கும் காசு வாங்கினார்கள். டியூபைத் தண்ணீரில் முக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். குமிழி ஒரே இடத்தில்தான் வந்தது. கேட்டதற்கு, "உனக்கென்ன பாப்பா தெரியும்" என்றார்கள். அறிவியல் பாடத்தில் காற்று எடத்தை அடைத்துக்கொள்ளும் என்று படித்தவளுக்குக் குமிழியை எண்ணத் தெரியாதா?

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம். கடைகளில் எப்படி ரிப்பேர் பார்க்கிறார்கள்? சில கடையில் உத்திரத்தில் இருந்து கயிறோ சங்கிலியோ தொங்கவிட்டு சைக்கிளை மாட்டுவார்கள். பல இடத்தில் சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். பார்க்கிறவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துதான் வேலை செய்வார். அமெரிக்காவில் செயின்ட் பால் என்ற ஊரில் ரெண்டு பேர் ஒரு ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். ஹோவர்ட் ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்ட்ரோம் என்று பேர். குனிந்து குனிந்து வேலை பார்த்து அலுத்துப்போய், சைக்கிளைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு அவர்களே செய்தார்கள். 1963-இல் அதையே கம்பெனியாக ஆரம்பித்தார்கள். அதுதான் இன்று உலகம் முழுக்க சைக்கிள் கருவி விற்கிற பார்க் டூல் கம்பெனி. முதுகுவலியில் பிறந்த கம்பெனி என்று சொல்லலாம்.

"தலைகீழா கவுத்துனா போதாதா, இதுக்கு எதுக்கு ஸ்டாண்டு?" என்று எங்கள் வகுப்புப் பையன்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சைக்கிளின் சொந்த ஸ்டாண்டைப் போட்டாலே பின் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும், பின் சக்கரப் பஞ்சருக்கு அதுவே போதும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கவாட்டில் சாய்க்கிற ஒத்தைக் கால் ஸ்டாண்டு இருக்கிற சைக்கிளுக்கு அது முடியாது. முன் சக்கரத்துக்கு எந்த சைக்கிளிலும் முடியாது. கவிழ்த்தால் பெல் நசுங்கும், முன்னால் இருக்கிற கூடை வளையும், சீட் கிழியும். பழைய ஜென்ட்ஸ் சைக்கிள் இருபது கிலோ பக்கம் இருக்கும், ஆறாம் வகுப்புத் தங்கச்சி அதைக் கவிழ்க்கும்போது காலில் விழுந்தால் யார் பதில் சொல்வது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாவாடையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு ரோட்டோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க எங்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று பையன்களுக்குத் தெரியாது. நின்றுகொண்டு பார்க்கிற வேலை என்றால் எங்களில் பாதிப் பேர் முன்வருவோம். எனக்கு இதுதான் முக்கியமான காரணம், மத்தது எல்லாம் அப்புறம்.

கவிழ்த்துப் போட்டால் கற்றுக்கொள்வதும் கஷ்டம். எல்லாம் தலைகீழாகத் தெரியும், எது இடது, எது வலது என்றே குழப்பம். ஸ்டாண்டில் நேராக நின்றால் சக்கரத்தை ஒரு சுத்து சுத்திவிட்டு, ரிம் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தால் போதும். எங்கே கோட்டம் இருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக்கோடு விழும். கோட்டம் எடுக்க அந்த இடத்துப் போக்ஸ் கம்பியைத்தான் முறுக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் பதிகிறதா என்று பத்துப் பேர் சுத்தி நின்று பார்க்கலாம். பெடலைக் கையால் சுத்தி செயினுக்கு எண்ணெய் விடலாம். கரிசல் மண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். ஒரு வகுப்பே நடத்தலாம். சாக்பீஸுக்கு நம் பள்ளியில் பஞ்சம் இல்லை.

இதை விலைக்கு வாங்கச் சொல்லவில்லை. வெளிநாட்டு ஸ்டாண்டு விலையைக் கேட்டால் அதில் பழைய சைக்கிளே வாங்கலாம் போலிருக்கு. நம்ம பட்டறையிலேயே செய்யலாம். ஒரு பழைய லாரி ரிம், அதற்குள் கான்கிரீட் போட்டு, நடுவில் ஒரு பெரிய பைப்பை நட்டுவிட வேண்டும். அடி கனமாகவும் அகலமாகவும் இருந்தால் கவிழாது, ஒன்பதாம் வகுப்புக்கு இது தெரிந்த இயற்பியல்தான். பெரிய பைப்புக்குள் சின்ன பைப் ஏறி இறங்க வேண்டும். ரெண்டிலும் ஓட்டை போட்டு ஒரு போல்ட்டைச் செருகினால், உயரமான அக்காவுக்கு மேல் ஓட்டை, என்னை மாதிரி குட்டைக்குக் கீழ் ஓட்டை. மேலே குறுக்கே ஒரு கை. அதன் நுனியில் சைக்கிளைக் கவ்வுகிற இடுக்கி. சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பியைத்தான் கவ்வ வேண்டும். பெயிண்ட் உரியாமல் இருக்க இடுக்கியில் பழைய டியூபைச் சுத்திவிட வேண்டும். பட்டறை வைத்திருக்கிற ஒரு மாமாவிடம் கேட்டேன். இரும்பை நாம் கொண்டுவந்தால் கூலி மட்டும் போதும் என்றார். "யாரு வேலை பாக்கப் போறா?" என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கூலியில் பாதி போதும் என்றார்.

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு என் வேண்டுகோள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஒரு இடம் கொடுங்கள். ஒரு காத்தடிக்கிற பம்பு, ரெண்டு டயர் லீவர், 13-15 ஸ்பேனர் ஒன்று, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுகிற பேட்ச் இவ்வளவும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவி மாணவிகளில் ஒருத்தியிடம் இருக்கட்டும். பையன்களிடம் கொடுத்தால் நாங்கள் மறுபடியும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கத்தான் வேண்டியிருக்கும். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு பி.இ.டி. பீரியடுதான். மாசத்தில் ரெண்டு வெள்ளி இதற்குக் கொடுத்தால் போதும். பி.இ.டி. சாரிடம் கேட்டேன், "ஐயா சரின்னா எனக்கும் சரி" என்றார்.

லாரி ரிம் ஒன்று எங்கள் பெரியப்பா வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற இடத்தில் கிடக்கிறது, கேட்டு வாங்கிவிட்டேன். பைப் ரெண்டு வேண்டும். பழைய டியூப் இருக்கிறவர்கள் திங்கட்கிழமைக்குள் எங்கள் வகுப்பு லீடரிடம் கொடுங்கள். எத்தனை ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை, இடுக்கியில் சுத்துறதுக்குத்தான்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
மல்லாங்கிணறு.