கிருமி என்றதும் அலறினால் போதுமா?

புற்றுநோயில் நொந்த உடம்புக்குள் உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்துவது மருத்துவமே அல்ல, கொலை என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். ஒரு பழைய உண்மையைக்கூட விசாரிக்காமல் எழுதிய வரி இது.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிக்கு மெல்லிய குழாய் வழியாக மருந்துக் கரைசலைச் செலுத்துகிறார்கள். இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். அந்தக் கரைசலில் இருப்பது உயிருள்ள கிருமி. குழந்தை பிறந்ததும் கையில் போடுகிறோமே, அதே காசநோய்த் தடுப்பூசி பி.சி.ஜி. மருத்துவர் அல்வாரோ மொராலெஸ் இதன் பலனை 1976-ல் வெளியிட்டார்; அமெரிக்காவில் 1990-ல் அனுமதி கிடைத்தது. எப்போதாவது அது உடம்பில் பரவி ஆபத்தாவதும் உண்டு. அப்போது காசநோய் மருந்து கொடுக்கிறார்கள். அதற்காக இந்தச் சிகிச்சையை யாரும் கைவிட்டுவிடவில்லை.

நியூயார்க்கில் புற்றுநோயாளிகளுக்குக் கிருமி ஏற்றிய மருத்துவர் வில்லியம் கோலியின் நோயாளிகள் சிலர் இறந்ததையும் கட்டுரையாளர் சாட்சிக்கு இழுக்கிறார். கோலி இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது 1891-ல். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் 37 ஆண்டு இருந்தது. அவர் அப்போது ஏற்றியது பல் பிடுங்கப்படாத கிருமி. அதை வைத்து இன்றைய மரபணு மாற்றப்பட்ட கிருமிக்குத் தீர்ப்பெழுதுவது அறிவு நேர்மையே அல்ல.

அவருடைய மையவாதம், உள்ளே போன கிருமி கட்டுக்கடங்காமல் பெருகும் என்பது. நடந்ததோ நேரெதிர். நச்சுத்தன்மை குறைக்கப்பட்ட சால்மோனெல்லாவை 25 நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஏற்றிய சோதனையின் முடிவு 2002-ல் வெளிவந்தது. எலியின் கட்டியில் மொய்த்த அதே கிருமி, மூன்றே மூன்று பேரின் கட்டியில்தான் தென்பட்டது. ரத்தத்திலிருந்து சீக்கிரமே மறைந்துவிட்டது. யாருக்கும் கட்டி சுருங்கவில்லை. மிக அதிக அளவு கொடுத்தபோது பக்கவிளைவுகள் வந்தன என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் சிகிச்சை தோற்றதற்குக் காரணம் கிருமி பெருகியது அல்ல, தங்காமல் போனது.

அதற்குப் பின் வந்தவை இன்னும் கடிவாளம் போட்டவை. எஸ்.ஒய்.என்.பி.1891 என்ற ஈ.கோலை, வெளியிலிருந்து குறிப்பிட்ட இரண்டு சத்துகளை ஊட்டினாலொழியப் பெருகாது. அதை நேரே கட்டிக்குள்ளேயே ஊசியால் போட்டார்கள். இதில் ஒரு வரியாவது அவர் கட்டுரையில் உண்டா?

ரத்தம் சரியாக ஓடாத, ஆக்சிஜன் எட்டாத கட்டியின் நடுப்பகுதிக்குக் கீமோ மருந்து போய்ச் சேருவது கடினம். இந்தக் கிருமிகளுக்கு அதுதான் வசதியான இடம். அங்கே போய் மருந்தை விடுவிக்கச் செய்யவே இத்தனை பாடு. எதிர்க்க விரும்பினால், எலியில் தங்கிய கிருமி மனிதரிடம் ஏன் தங்கவில்லை என்று கேட்டு எழுதட்டும். ஆய்வாளர்கள் மோதிக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியோடுதான்.